பெரியப்பாவின் டிரங்குப் பெட்டியை யாரிடம் ஒப்படைப்பது?

திருமயம் பக்கத்தில் இருக்கும் எங்கள் பூர்விக வீட்டை இந்த வருஷம் விற்கப் போகிறோம். பெரியப்பா போன பிறகு அங்கே குடியிருக்க ஆளில்லை. பாத்திரம் பண்டம், ஊஞ்சல் பலகை, மரபீரோ எல்லாம் பங்கு பிரித்தாகிவிட்டது. மிச்சம் இருப்பது பரணிலிருந்து இறக்கிய ஒரு டிரங்குப் பெட்டி. அதை யாரும் பங்காகக் கேட்கவில்லை. தூக்கிப் போடவும் யாருக்கும் மனசு வரவில்லை.

உள்ளே ஒரு ஓலைக்கட்டு, 40 ஏடு இருக்கும், ஒரு ஓரம் எலி கடித்தது. சிவப்புத் துணியில் சுற்றிய பத்திரங்கள். அவற்றோடு ஒரு கடன் சீட்டு. கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் பெருவிரல் ரேகை, மை பரவி ஒரு புளியங்கொட்டை அளவுக்கு. அட்டை போட்ட மொய் நோட்டுகள் 6. தடித்த அட்டையில் ஒட்டிய ஸ்டுடியோப் படங்கள் 14. பிறகு ஜாதகங்கள், வரி ரசீதுகள், ரங்கூனிலிருந்து வந்த இரண்டு கடிதங்கள்.

கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்து பேசினோம். "நம்ம சங்கத்துக்குக் கொடுத்துருவோம், நம்ம ஆளுக பத்திரமா வச்சுக்குவாக" என்றார் சித்தப்பா. சிங்கப்பூரிலிருந்து போனில் இருந்த தம்பி, "ஓலையில ரெண்டு மூணு எனக்குக் குடுங்க, ஃபிரேம் போட்டு ஹால்ல மாட்டிக்கிறேன்" என்றான். "எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணிட்டா வேலை முடிஞ்சிருச்சே" என்றார் அண்ணி. அத்தை ஒன்றும் சொல்லவில்லை. படங்களை மட்டும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவருக்கு வயது 84.

லீவு நாட்களில் கல்வெட்டின் மேல் தாளை ஒற்றி மைப்படி எடுக்கும் நண்பர்களோடு பத்து வருஷமாகச் சுற்றுகிறவன் என்பதால், விசாரிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. இரண்டு மாதம் விசாரித்ததில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்திலும் பக்கத்துச் சிவகங்கையிலும் இப்படிப் பூட்டிய வீடுகளும் பெட்டிகளும் ஏராளம். அவர்களுக்கும் இதே கேள்விதான்.

முதலில், வீட்டிலேயே வைத்திருப்பது. இதைக் குறைவாக நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டு வரலாற்றில் பெரும்பகுதியைக் காப்பாற்றிக் கொடுத்தவை வீடுகள்தான். நாஞ்சில் நாட்டில் அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகள் தலைமுறை தலைமுறையாக அந்த வீட்டிலேயே இருந்தன. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவற்றைப் பார்த்துப் படியெடுத்ததால்தான் அந்த நாட்டின் நிலம், வரி, அடிமை முறை பற்றி இன்றைக்கு நமக்கு இவ்வளவு தெரிகிறது. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பும் 1846 வரைக்கும் குடும்பத்தார் வீட்டில்தான் கிடந்தது.

ஆனால் அந்த வீடுகளில் ஆள் இருந்தார்கள். அடுப்பு எரிந்தது. சரஸ்வதி பூஜைக்கு வருஷம் ஒருமுறையாவது கட்டை அவிழ்த்துத் தூசி தட்டினார்கள். ஏட்டுக்கு நடுவில் வசம்பு வைத்தார்கள், எண்ணெய் பூசினார்கள், நைந்துபோனதைப் புது ஓலையில் பெயர்த்து எழுதினார்கள். பனையோலை நல்ல பராமரிப்பில் 200, 300 வருஷம் தாங்கும் என்பதெல்லாம் அந்த வேலையைச் செய்ய ஒருவர் இருந்தால்தான். அந்தப் பழக்கம் விட்டுப்போன வீடுகளில் என்ன நடந்தது என்பதற்கு உ.வே.சாமிநாதையர் சாட்சி. ஊர் ஊராகச் சுவடி தேடிப் போனவருக்கு, ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்டுவிட்டோம் என்ற பதிலும் கிடைத்திருக்கிறது.

எங்கள் பெட்டி யார் வீட்டுக்குப் போகும்? எல்லோருக்கும் திருச்சியிலும் சென்னையிலும் இரண்டு பெட்ரூம் ஃப்ளாட். லாஃப்டில் ஏற்றினால் அடுத்த தடவை வீடு மாறும்போதுதான் இறங்கும். இராமபாணப் பூச்சிக்கு அவ்வளவு அவகாசம் தாராளம். வீட்டில் வைத்திருப்பது என்றால், குடும்பத்தில் ஒருவர் பேர் சொல்லிப் பொறுப்பேற்க வேண்டும், அவருக்குப் பின் யார் என்றும் சொல்ல வேண்டும். எங்கள் கூடத்தில் அந்தக் கேள்விக்கு யாரும் வாய் திறக்கவில்லை. அந்த வழி அங்கேயே அடைபட்டது.

தம்பிக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டம் 1972இல் வந்தது. வரலாற்று மதிப்புள்ள சுவடியும் ஆவணமும் 75 வருஷம் கடந்திருந்தால் அது தொல்பொருள். அரசின் அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. அவன் ஆசைப்பட்டதில் தப்பில்லை. தாத்தா கையெழுத்து கண்ணெதிரே இருக்க வேண்டும் என்று நினைக்கிற பிள்ளை அவன். நல்ல படமாக எடுத்துப் பிரிண்ட் போட்டு மாட்டிக்கொள்ளட்டும். கட்டிலிருந்து 3 ஏட்டை உருவினால் மிச்சம் 37 ஏட்டுக்கும் பொருள் அறுந்துபோகும்.

அடுத்து சித்தப்பா சொன்ன சங்கம். குலம், கோத்திரம், வம்சாவளி என்று வரும்போது நம் ஊரில் பலர் முதலில் போய் நிற்பது சாதிச் சங்கத்தின் வாசலில்தான். அதற்குக் காரணம் இருக்கிறது. சமூகங்கள் சில தங்கள் கணக்கை அருமையாக வைத்திருக்கின்றன. நகரத்தாரில் கல்யாணம் ஆன ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி; அவர்களுடைய 9 நகரக் கோயில்களில் ஒன்றில் அந்தப் புள்ளி பதிவாகும். குடும்ப வரலாறு தேடுகிறவனுக்கு அதைவிடத் துப்புரவான ஏடு கிடைக்காது. கொங்குப் பகுதியில் சமூகப் பட்டயங்களையும் ஓலைகளையும் ஈரோட்டுப் புலவர் செ.இராசு தேடித் தேடிப் பதிப்பித்தார். அந்தந்தச் சமூகத்தார் தங்களிடம் இருந்ததை நம்பி எடுத்துக் கொடுத்ததால்தான் அது முடிந்தது.

இருந்தும் எங்கள் பெட்டியைச் சங்கத்துக்குக் கொடுக்க எனக்குச் சம்மதமில்லை. காரணம் அந்தக் கடன் சீட்டு. அதில் ரேகை வைத்தவர் எங்கள் பண்ணையில் வேலை செய்தவர். வாங்கிய தொகைக்கு அவரும் அவர் மகனும் உழைத்துக் கழிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. வாசித்தபோது சித்தப்பா, "இதை மட்டும் எடுத்து வச்சிருடா, வெளிய போனா நல்லாவா இருக்கும்" என்றார். அவர் சங்கடம் எனக்குப் புரிந்தது. ஆனால் அந்த ரேகைக்காரருக்குப் பேரன் பேத்திகள் இருப்பார்கள். அவர்கள் தங்கள் முன்னோரைத் தேடிப் புறப்பட்டால் அவர்களுக்குப் பட்டா இல்லை, செப்பேடு இல்லை, குலப்பட்டயம் இல்லை. அவருடைய பெயர் எழுத்தில் இருக்கிற ஒரே இடம் எங்கள் பெட்டியாகக்கூட இருக்கலாம். எங்கள் ஆட்கள் மட்டும் நுழையக்கூடிய கட்டடத்தில் அதை வைத்தால் அவர்கள் எப்படி வந்து கேட்பார்கள்? யார் வந்து கேட்டாலும் எடுத்துக் காட்டுகிற இடமாக இருக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. சித்தப்பா ஒருநாள் முழுக்கப் பேசாமல் இருந்துவிட்டு மறுநாள் சரி என்றார்.

மூன்றாவது, மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிற வரலாற்று ஆர்வலர் குழு. தமிழ்நாட்டில் இன்று மாவட்டத்துக்கு ஒன்றாவது இருக்கும். திருவண்ணாமலை மாவட்ட வரலாற்று ஆய்வு நடுவம், மதுரையில் பாண்டிய நாட்டு வரலாற்று ஆய்வு மையம், எங்கள் ஊரில் புதுக்கோட்டை தொல்லியல் ஆய்வுக் கழகம் என்று சொல்லிக்கொண்டே போகலாம். பள்ளி ஆசிரியர், வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், கல்லூரி மாணவர், சைக்கிள் கடைக்காரர் என்று கலந்துகட்டிய கூட்டம். கைக்காசைப் போட்டுப் பெட்ரோல் அடித்துக்கொண்டு போகிறவர்கள்.

இவர்களால் என்ன ஆகும் என்று கேட்கிறவர்களுக்கு நான் பொற்பனைக்கோட்டையைக் காட்டுவேன். புதுக்கோட்டையை ஒட்டி மண்மேடாகக் கிடந்த அந்தக் கோட்டையை இந்த உள்ளூர்க்காரர்கள் வருஷக்கணக்காகச் சுற்றிச்சுற்றி வந்து, செங்கல்லையும் இரும்பு உருக்கிய கசடையும் கண்டு சொல்லி, அகழாய்வு வேண்டும் என்று விடாமல் கேட்டார்கள். 2021இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அங்கே குழி போட்டது. 2023இல் அரசுத் தொல்லியல் துறையே அகழாய்வைத் தொடங்கியது. சென்னையில் உட்கார்ந்திருக்கும் எந்த அலுவலகமும் அந்த மேட்டைத் தானாகக் கண்டுபிடித்திருக்காது. இப்படிக் கிடைக்கிற கல்வெட்டுகளும் செப்பேடுகளும் அச்சேறவும் ஓர் இடம் இருக்கிறது. தமிழகத் தொல்லியல் கழகம் 1991 முதல் நடத்தும் ‘ஆவணம்’ ஆண்டிதழைப் புரட்டினால், தலைநகரத்தில் யாரும் கேள்விப்படாத ஊர்ப் பெயர்களாக வரும்.

பெட்டியைப் பொறுத்தவரை இவர்களின் பலம் வாசிப்பு. எங்கள் ஓலையை முதலில் பார்த்தபோது எனக்கு ஒரு வரி ஓடவில்லை. மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது, சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. குழு நண்பர் ஒருவர், ஓய்வு பெற்ற தமிழாசிரியர், ஏட்டைச் சாய்த்துப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினார். "பாட்டு இல்ல தம்பி, கணக்கு. இந்தா பாரு, இது மா, இது காணி, இது முந்திரி" என்று பின்ன எண்களைக் காட்டினார். பிறகு ஒரு பெயரில் விரலை வைத்து, "இது கண்மாய் பேரு. இப்ப அந்தப் பேரு கிடையாது. பைபாஸுக்குக் கிழக்க மேடாக் கெடக்கே, அதுதான்" என்றார். பழைய எழுத்தை வாசிக்கத் தெரிந்த அறிஞர் சென்னையில் கிடைப்பார். அந்தக் கண்மாயைக் கை நீட்டிக் காட்ட இந்த மனிதரால்தான் முடியும்.

பலவீனம் என்னவென்றால் இடமும் ஆயுளும். பெரும்பாலான குழுவுக்குச் சொந்தக் கட்டடம் இல்லை. செயலாளர் வீட்டு பீரோதான் காப்பகம். வேறொரு மாவட்டத்தில் எனக்குத் தெரிந்த குழு ஒன்று இருந்தது. அதை 20 வருஷம் தூக்கிச் சுமந்தவர் திடீரென்று காலமானார். அவர் வீட்டு மாடியில் ஊர்க்காரர்கள் நம்பிக் கொடுத்த சுவடி, போட்டோ, நோட்டுப் புத்தகம் என்று ஓர் அறை நிறைய இருந்தது. பதினாறாம் நாள் கழிந்து பிள்ளைகள் வீட்டைக் காலி செய்தபோது எது அப்பாவுடையது, எது அடுத்தவர் கொடுத்தது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. பட்டியல் இல்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பாதி பழைய பேப்பர்காரர் தராசில் ஏறிவிட்டது. சாக்குப் பையிலிருந்து இரண்டு கட்டு ஓலையை மட்டும் மீட்டோம். பிள்ளைகள் பேரில் குற்றமில்லை. ஒரு மாவட்டத்தின் நினைவை ஒரே மனிதரின் மாடியில் வைத்தது எங்கள் எல்லோருடைய தப்பும்தான்.

அதனால் உள்ளூர்க் குழுவிடம் பெட்டியைத் திறந்து காட்டலாம், வாசிக்கச் சொல்லலாம், நகல் முழுவதையும் கொடுக்கலாம். சொந்தக் கட்டடமும், பதிவு பெற்ற அறக்கட்டளையும், குழு கலைந்தால் பொருள் எங்கே போகும் என்று எழுதிய விதியும் இல்லாதவரை மூலத்தைக் கொடுக்க வேண்டாம் என்பது என் முடிவு. அவர்களிடமே இதைச் சொன்னேன். யாரும் வருத்தப்படவில்லை, "நாங்களே அதைத்தான் சொல்ல இருந்தோம்" என்றார் தமிழாசிரியர்.

அரசு அருங்காட்சியகம் பற்றி நீட்ட வேண்டியதில்லை. திருக்கோகர்ணத்தில் இருக்கும் எங்கள் அருங்காட்சியகம் 1910இல் சமஸ்தான காலத்திலேயே தொடங்கியது. மாவட்டத்துக்குப் பெருமையான இடம். செப்பேடு, வாள், நாணயம், சிற்பம் உள்ளவர்கள் முதலில் அங்கேதான் போக வேண்டும். மொய் நோட்டும் வரி ரசீதும் கண்ணாடிப் பெட்டிக்கு ஏற்றவை அல்ல.

எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் வேலை அடிப்படையில் அரசாங்கக் கோப்புகளைக் காப்பது. குடும்பப் பெட்டியைக் கொடுக்கிற இடமாக அதை நினைக்காமல், பெட்டியின் மறுபாதியைத் தேடுகிற இடமாக நினைத்தால் பலன் உண்டு. புதுக்கோட்டை 1948 மார்ச் 3 அன்று இந்தியாவோடு இணைகிறவரை தனிச் சமஸ்தானம். சேஷையா சாஸ்திரி திவானாக இருந்த காலத்தில் மானியமாக விட்ட இனாம் நிலங்களை எல்லாம் விசாரித்துப் பதிந்தார்கள். எங்கள் ஓலையில் ஒரு துண்டு நிலம் இனாம் என்று வருகிறது. அதே நிலத்தைப் பற்றி அரசு தரப்பில் ஒரு வரியாவது இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் கதை முழுசாகும்.

நான்காவது, பெரிய ஆய்வு நூலகங்கள். சென்னையில் 1869 முதல் இருக்கும் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், தஞ்சையில் சரசுவதி மகால், 1981இல் தொடங்கிய தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் சுவடிப் பிரிவு, புதுச்சேரியில் 1955 முதல் இயங்கும் பிரெஞ்சு நிறுவனம், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். குளிர்சாதன அறை, சுவடி பராமரிக்கப் பழகிய ஊழியர், அட்டவணை, வாசகர் அறை எல்லாம் இவர்களிடம் உண்டு. தலைவர் மாறினாலும் நிறுவனம் நிற்கும்.

இதில் ரோஜா முத்தையாவின் கதை எங்கள் பக்கத்துக் கதை. காரைக்குடிக்கு அருகில் கோட்டையூர். விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்தவர், பழைய புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை வரைக்கும் தன் வீட்டில் சேர்த்தார். 1992இல் அவர் காலமான பிறகு அந்தத் தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. வாங்கியும் அமெரிக்காவுக்குத் தூக்கிக்கொண்டு போகவில்லை. 1994இல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக வைத்தார்கள். ஒரு தனி மனிதர் சேர்த்தது பிரிந்து சிதறாமல், அவர் பெயரிலேயே, தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. கோட்டையூர்க்காரர் அதைப் பார்க்க 400 கிலோமீட்டர் பயணப்பட வேண்டும் என்பதும் உண்மைதான். அந்த வீட்டிலேயே கிடந்திருந்தால் இந்நேரம் எத்தனை மிஞ்சியிருக்கும் என்று யோசித்தால் அந்தத் தூரம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

இந்த வழியிலும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய இடம் உண்டு. என் நண்பர் ஒருவரின் குடும்பம் வருஷங்களுக்கு முன் ஓர் உயர்கல்வி நிறுவனத்துக்குத் தங்கள் சுவடிக் கட்டுகளைக் கொடுத்தது. மாலை போட்டு வாங்கிக்கொண்டார்கள், போட்டோ எடுத்தார்கள். ரசீது தரவில்லை. பத்து வருஷம் கழித்துப் பேத்தி ஆராய்ச்சிக்காகப் போய்க் கேட்டபோது, அப்படி ஒன்று வந்ததாகவே பதிவில் இல்லை என்றார்கள். மாலை போட்ட படம் மட்டும்தான் இன்று அவர்கள் கையில் இருக்கிறது. ஆகவே எத்தனை பெரிய பெயராக இருந்தாலும் எழுத்தில் வாங்குங்கள். எத்தனை கட்டு, கட்டுக்கு எத்தனை ஏடு, உடைந்தது எது என்று இரண்டு பிரதி பட்டியல், இரண்டிலும் இரு தரப்புக் கையெழுத்து.

தானமா, பாதுகாப்புக்கு வைப்பதா என்பதையும் அதிலேயே சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் மாவட்டத்துக்கு மாவட்டம், அவர்கள் பேச்சில் கவுண்டிக்குக் கவுண்டி, ஆவண அலுவலகம் உண்டு. பெட்ஃபோர்ட்ஷயரில் 1913இல் தொடங்கிய பழக்கம். அங்கே குடும்பங்கள் உரிமையைத் தங்களிடமே வைத்துக்கொண்டு ஆவணத்தை மட்டும் அலுவலகப் பொறுப்பில் விடலாம். அந்த மாதிரி மாவட்ட அளவில் நம்மிடம் ஏற்பாடு இல்லாததால்தான் இவ்வளவு யோசிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் நம் நூலகத்தாரிடமும் அந்த நிபந்தனையோடு பேசிப் பார்க்கலாம். பார்க்க வருகிற குடும்பத்தாருக்கும் மற்றவர்களுக்கும் அனுமதி உண்டா, நகலை இணையத்தில் போடுவார்களா, உயிரோடு இருப்பவர்கள் பற்றிய தாள்களைச் சில வருஷம் மூடி வைப்பார்களா என்பதையும் கேட்டுவிட வேண்டும்.

இனி அண்ணி சொன்ன ஸ்கேன். இதில் எனக்கு அவரோடு முக்கால்வாசி உடன்பாடு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. இன்னொரு பிரதி எங்கும் இல்லாத ஏடுகள் அதில் இருந்தன. அந்த இழப்பை மனதில் சுமந்த சமூகத்திலிருந்துதான் 2005இல் நூலகம் என்ற மின்னூலகம் எழுந்தது. ஈழத்து ஊர்களின் மலர்கள், பள்ளி இதழ்கள், கல்வெட்டு எனப்படும் நினைவு வெளியீடுகள் வரைக்கும் அங்கே சேர்ந்துகொண்டிருக்கின்றன. தன் ஊரையும் குடும்பத்தையும் தேடுகிற யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு டொராண்டோவில் இருந்தபடியே அது திறக்கிறது.

மூலத்தை வீட்டை விட்டு எடுக்காமலே நகல் எடுக்கிற முறையும் உண்டு. பிரிட்டிஷ் நூலகம் 2004இல் தொடங்கிய அழிநிலை ஆவணத் திட்டத்தின் கொள்கையே அதுதான்: மூலம் அந்தந்த நாட்டில், நகல் எல்லோருக்கும். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் அந்தத் திட்டத்தின் கீழ் தமிழக ஊர்களில் வீடு வீடாகப் போய், ஊர்ப் பஞ்சாயத்துத் தீர்ப்புத் தாள்களையும் நில ஆவணங்களையும் படமெடுத்தார்கள். எங்கள் மொய் நோட்டைப் போல யாரும் வரலாறு என்று மதிக்காத தாள்கள்தான் அவையும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், 2001இலிருந்து இயங்கும் தமிழ் மரபு அறக்கட்டளையும் இருக்கின்றன.

உடன்படாத கால்வாசி இது. ஸ்கேன் பண்ணியதும் மூலத்தைத் தூக்கிப் போடலாம் என்று நினைத்துவிடுகிறோம். ஓலையின் வெட்டு, மசியின் நிறம், பின்பக்கத்துக் கீறல் இவையெல்லாம் படத்தில் வராமல் போகலாம். இன்னொன்று, போனில் எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் படம் சுருங்கிவிடும், எழுத்து மங்கும். ஆறு மாதத்தில் கல்யாண வீடியோவுக்கு அடியில் புதைந்தும் போகும். நல்ல வெளிச்சத்தில், அளவுகோலைப் பக்கத்தில் வைத்து, ஏட்டின் இரு பக்கமும் எடுத்து, கோப்புக்கு ஊர்ப் பெயரும் ஏட்டு எண்ணும் கொடுத்து, ஒரு பிரதி வீட்டிலும் ஒரு பிரதி குழுவிடமும் ஒரு பிரதி ஏதாவது மின்னூலகத்திலும் இருந்தால்தான் அதற்குப் பெயர் நகல். பத்திரங்களை லேமினேட் செய்யவே கூடாது. செலோடேப்பும் வேண்டாம். பெரியப்பா அன்பாகச் செலோடேப் ஒட்டிய ஒரு பத்திரத்தில், ஒட்டிய இடம் மட்டும் தேன் நிறத்தில் எழுத்தோடு பெயர்ந்து வருகிறது.

இவ்வளவும் யோசித்த பிறகு, பெட்டியை ஒரே பொருளாகப் பார்த்து ஒரே இடம் தேடியதுதான் எங்களைக் குழப்பியது என்று தோன்றியது. ஓலையும் பத்திரமும் கடன் சீட்டும் ரங்கூன் கடிதமும் ஒரே தொகுப்பாக, ஒரு தாளும் உருவாமல், ஆய்வு நூலகம் ஒன்றுக்குப் போகட்டும்; உரிமையை வைத்துக்கொண்டு பொறுப்பை மட்டும் கொடுக்கும் நிபந்தனையில் பேசிக்கொண்டிருக்கிறோம். இணங்காவிட்டால் தானமாகவே கொடுக்கவும் தயார். எழுத்துப் பட்டியல் மட்டும் கட்டாயம். போவதற்கு முன் குழு நண்பர்கள் எங்கள் வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்து முழுக்க வாசித்துப் படமெடுப்பார்கள்.

மொய் நோட்டு கொஞ்ச காலம் வீட்டில் இருக்கும். அது இன்னும் உயிரோடு இருக்கும் கணக்கு. கீரமங்கலம், பேராவூரணிப் பக்கம் மொய் விருந்து நடத்துகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதே இல்லை. வாங்கியதைத் திருப்பிச் செய்கிறவரை நோட்டு கைக்கு எட்ட வேண்டும். நகல் எடுத்துக்கொண்டு பழைய 4 நோட்டை ஐந்து வருஷத்தில் நூலகத்துக்கு அனுப்புவதாக எழுதிவைத்தோம். குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் தயவுசெய்து இதைத் தூக்கிப் போடாதீர்கள். பட்டாவும் பத்திரமும் அப்பன், மகன், பேரன் என்று ஆண் வழியே ஓடும். எங்கள் வீட்டுப் பெண்கள் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்த ஊருக்குப் போனார்கள் என்பது மொய் நோட்டில்தான் இருக்கிறது. அரிமளம், தாய்மாமன் சீர், இவ்வளவு. ராங்கியம், சம்பந்தி வீடு, இவ்வளவு. கோனாபட்டு, பெரிய அத்தை மாமியார் வீடு, அரிசி ஒரு மூட்டை. 1950களின் ஒரு கல்யாணப் பக்கத்தை வைத்து நான் 11 ஊர்களுக்குக் கோடு இழுத்தேன். அதில் 4 ஊரில் எங்களுக்குச் சொந்தம் இருப்பதே எங்கள் தலைமுறைக்குத் தெரியாது.

படங்களுக்குத்தான் நாள் கடத்த முடியாது. 14 படத்தில் ஒன்றின் பின்னாலும் எழுத்து இல்லை. அதில் இருப்பவர்களைத் தெரிந்தவர் உலகத்தில் ஒருவர்தான். நூலகத்தோடு கடிதம் எழுதி முடிவாக மாதங்கள் ஆகும். அதுவரை காத்திருக்க வேண்டாம் என்று போன ஞாயிற்றுக்கிழமையே அத்தை வீட்டுக்குப் போனேன். போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு முதல் படத்தை நீட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். திரையில் வரைந்த மாளிகைக்கு முன் மூன்று பெண்கள், நடுவில் இருப்பவர் கையில் ஒரு புத்தகம்.

"புஸ்தகத்தப் பாத்து ஏமாந்துராத. அவளுக்குப் படிக்கத் தெரியாது, ஸ்டுடியோக்காரன் குடுத்தது" என்றார். பிறகு இடப்பக்கம் இருப்பவரிடம் விரலைக் கொண்டுபோய், "இவ எங்க சின்னாத்தா. இவள ரங்கூன்ல குடுத்தோம். திரும்பி வரல. எழுதிக்கிட்டியா?" என்றார்.

எழுதிக்கொண்டேன். அன்றைக்கு 5 படம் முடிந்தது. மிச்சம் 9 படத்துக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வரச் சொல்லியிருக்கிறார். மத்தியானம் ஆனால் தூக்கம் வந்துவிடுமாம்.